விசில்காரரோடு போட்ட ஜோடி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றும் வராமல் நன்றாக இருக்க வேண்டும், அது முதலில். இங்கே நானும் அப்பாவும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, எப்போதும் எழுதுவதுதானே, ஆனால் இந்தத் தடவை அப்பா மட்டும் நலம் என்று வைத்துக்கொள். எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, மனசுதான் சரியில்லை. போனில் சொல்லலாமே என்பாய். போனில் சொன்னால் பாதிக் கதையிலேயே 'சரிம்மா சரிம்மா, டிராம் எடுக்கணும்' என்று வைத்துவிடுவாய். டிராம் ஓட்டுகிறவனுக்கு நேரம் முக்கியம்தான், குறை சொல்லவில்லை. கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் திரும்ப எடுத்துத்தானே ஆக வேண்டும். அதனால் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து நிதானமாகப் படி.

பல நாடுகளின் நாடாளுமன்றங்கள் சேர்ந்த ஒன்றியத்திலிருந்து நம் நாடாளுமன்றம் விலகிவிட்டது, செய்தியில் பார்த்திருப்பாய். போன வாரம் ஓட்டெடுப்பு. விலகக் கூடாது என்று நான் என் கட்சிக்கே எதிராக எழுந்து நின்றேன். கட்சி என்னை நீக்கிவிட்டது. நீக்கிய கடிதத்தில் கையெழுத்துப் போட்டவன் உன் மாமா, என் கூடப் பிறந்த தம்பி. கட்சிக்குக் கொறடா அவன்தானே, யார் யார் எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று மேய்ப்பது அவன் வேலை. சொந்த அக்காவை மேய்க்க முடியவில்லை என்று அவனைக் கட்சிக்காரர்கள் கேலி செய்கிறார்களாம். கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ அந்த ஒன்றியத்தை டீ கிளப் என்றுதான் எப்போதும் சொல்வாய். ஒவ்வொரு நாட்டிலிருந்தும் நாலு பேர் வந்து, ஒருவரை ஒருவர் மதிப்பிற்குரிய என்று கூப்பிட்டுக்கொண்டு, ஒரு வாக்கியத்தில் 'வருந்துகிறது' என்று போடுவதா 'கண்டிக்கிறது' என்று போடுவதா என்று மதியம் முழுக்க மல்லுக்கட்டி, டீயைக் குடித்துவிட்டுக் கலைகிறவர்கள் என்பாய். நீ சொல்வதில் பாதி உண்மை, நானே எத்தனை கூட்டத்தில் மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தூங்கி வழிந்திருக்கிறேன். ஆனால் அந்த டீ நேரத்தில்தான் அடுத்த நாட்டு உறுப்பினர், நம் மிட்டாய் அத்தை, தொண்டைக்கு ஒரு மிட்டாயை என் கையில் வைத்துக்கொண்டே, எங்கள் ஊரில் ஒரு இருமல் மருந்து குடித்த பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள், மருந்தைத் தடை செய்தாயிற்று என்று சொன்னாள். மருந்தின் பெயரைக் கேட்டேன். அதே மருந்து அப்பாவின் மருந்துக்கடையில் முன் வரிசையில் இருந்தது, உனக்கே கொடுத்திருக்கிறோம். அங்கே தடை செய்ததை இங்கே யாரும் யாருக்கும் சொல்லவில்லை, விற்காத சரக்கையும் சேர்த்து இந்தப் பக்கம் தள்ளிவிட்டிருந்தார்கள். அங்கிருந்தே அப்பாவுக்குப் போன் போட்டேன், அவர் கடையில் ஆள் நிற்கும்போதே எல்லாப் பாட்டிலையும் எடுத்துப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். அதற்குப் பிறகு அவளும் நானும் அவரவர் மன்றத்தில் தொண்டை வற்றப் பேசி, ஒரு நாட்டில் மருந்தைத் தடை செய்தால் மறுநாளே அடுத்த நாட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று இரண்டு பக்கமும் ஒரே சட்டம் கொண்டுவந்தோம். எந்த ஊரில் எந்தப் பிள்ளை அதனால் பிழைத்தது என்று யாருக்கும் தெரியாது, நோய் வராத பிள்ளையைப் பற்றி எந்தப் பத்திரிகை எழுதும்? எல்லாம் ஒரு டீ நேரத்தில் தொடங்கியது, இனிமேல் கேலி செய்யும்போது அதையும் நினைத்துக்கொள்.

அந்த மிட்டாய் அத்தைதான் இப்போது சிறையில் இருக்கிறாள். தன் மன்றத்தில் எழுந்து, அரசு நிலம் யார் யார் கைக்குப் போனது என்று ஒரு கேள்வி கேட்டாள், அவ்வளவுதான். வீட்டு ஆட்களையும் பார்க்க விடவில்லை, வக்கீலையும் விடவில்லை. அவளுக்குச் சிறுநீரகக் கோளாறு உண்டு, மாத்திரை கொடுக்கிறார்களா என்றும் தெரியாது. அவளை நேரில் பார்த்து வர மூன்று நாட்டு உறுப்பினர்களை அனுப்ப அந்த அரசிடம் ஒன்றியம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கியது. மூவரில் நான் ஒருத்தி. நான் வரப்போவது அவளுக்கும் தெரியும், எப்படியோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் நம் அரசு இரண்டு பத்திரிகைகளை மூடியதைப் பற்றி ஒன்றியம் நாலு வரி எழுதியது. உடனே நம்மவர்களுக்கு மூக்கின் மேல் கோபம், நம் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்க இவர்கள் யார், விலகு என்று கிளம்பிவிட்டார்கள். அடுத்த வீட்டைப் பற்றி எழுதியபோது இவர்கள்தான் மேசையைத் தட்டினார்கள், நான் பக்கத்திலேயே இருந்தேன். விலகினால் சிறைக்குப் போகும் குழுவில் எனக்கு இடம் கிடையாது, அதுதான் என் கவலை முழுக்க.

இப்போது உன் மாமா செய்த காரியத்தைக் கேள். எங்கள் மன்றத்தில் ஜோடி போடுவது என்று ஒரு வழக்கம் உண்டு. எதிரணியில் ஒருவர் நோயில் படுத்துவிட்டால், ஆளும் அணியிலிருந்து ஒருவர் தானும் ஓட்டுப் போடாமல் ஒதுங்கிக்கொள்வார், ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்பதால் இன்னொரு பக்கம் ஜெயித்துவிடக் கூடாது அல்லவா. சட்டத்தில் எங்கும் இல்லை, வெறும் வாய்ச்சொல், ஆனால் எனக்குத் தெரிந்து யாரும் மீறியது இல்லை. எதிரணியில் விசில்காரர் என்று ஒரு பெரியவர், முன்பு கால்பந்து நடுவராக இருந்தவர், இன்னும் யார் குறுக்கே பேசினாலும் வாயில் விசில் இருப்பது போலவே கையைத் தூக்குவார். அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். நான் அப்பாவின் கடையில் விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன், தம்பி போன் செய்தான். 'அக்கா, விசிலுக்கு இந்த வாரம் முழுக்க ஒரு ஜோடி வேணும், பாவம் வயசானவரு, நீ ஒதுங்கிக்கறியா, நீயும் கொஞ்சம் ரெஸ்ட் எடுத்த மாதிரி ஆச்சு' என்று தேனாகப் பேசினான். அந்த வாரம் தண்ணீர் வரி பற்றித்தான் ஓட்டு என்று இருந்தது, சரிடா என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலை நிகழ்ச்சி நிரல் வருகிறது, விலகும் தீர்மானம் அதே வாரத்தில் உட்கார்ந்திருக்கிறது. என் முகத்தில் ஈயாடவில்லை. ஜோடி என்றால் எதிரும் புதிருமான இருவருக்குப் போடுவது. விசில்காரரும் விலகக் கூடாது என்கிற ஆள், நானும் அப்படியே, அது தம்பிக்கு நன்றாகத் தெரியும். நோயாளியோடு சேர்த்து என்னையும் வீட்டில் கட்டிப்போட்டுவிட்டான். போய்க் கேட்டதற்கு, 'உன் நல்லதுக்குத்தான்க்கா, நீ எதிர்த்து ஓட்டுப் போட்டா நான்தானே உன்னை வெளிய அனுப்பணும், அந்தப் பாவம் எனக்கு எதுக்கு' என்றான். பொய் சொல்லவில்லை அவன், அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஏமாற்றி வாங்கிய சொல்தானே, போய் ஓட்டுப் போட்டுவிடலாம் என்று ஒரு மனசு. ஆனால் யோசித்துப் பார், அந்த ஒன்றியத்துக்குப் போலீஸ் உண்டா, பட்டாளம் உண்டா? செய்கிறேன் என்று ஒரு நாடு சொன்னால் மற்ற நாடுகள் நம்புகின்றன, அவ்வளவுதான் அதன் பலம். நான் கொடுத்த சொல்லை மீறிக்கொண்டு உள்ளே போய், சொன்ன சொல்லில் நில்லுங்கள் என்று எந்த முகத்தோடு எழுந்து நிற்பது? அப்பாதான் கடையைப் பூட்டும்போது சொன்னார், 'வீட்டுக்குள்ளயே குமுறிட்டு இருக்கிறதுக்கு, ஜோடி போட்ட ஆளையே போய்க் கேக்க வேண்டியதுதானே.' எனக்கு அது தோன்றவே இல்லை பார்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். விசில்காரருக்கு ஜோடி போட்ட விஷயமே அப்போதுதான் தெரியும், மருந்து மயக்கத்தில் இருந்தபோது அவர் கட்சிக்காரர்கள் முடித்திருக்கிறார்கள். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. 'நீ சொல்லை மீற வேண்டாம்மா. நான் வந்துட்டா ஜோடி தானா போச்சு. நாளைக்கு நான் வரேன்' என்றார். டாக்டர் கூடாது என்றார், அவர் கேட்கவில்லை. அவர் மனைவி என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போய், 'உங்க ஓட்டுக்கு என் புருஷன் உடம்புதான் கெடச்சுதா' என்று கேட்டார். மறுநாள் விசில்காரரை ஆம்புலன்ஸில் கொண்டுவந்து, சக்கர நாற்காலியில் ஒரு நர்ஸ் தள்ளிக்கொண்டு வந்தார். மன்றத்தில் ஓட்டு என்றால் எழுந்து நிற்க வேண்டும், எழுத்தர் நடந்து வந்து தலை எண்ணுவார். உட்கார்ந்திருப்பவரை எப்படி எண்ணுவது என்று எங்கள் பக்கத்திலிருந்து ஒருவன் ஆட்சேபம் எழுப்பினான், அவையில் பாதிப் பேர் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டோம். அவைத்தலைவர் கையைத் தூக்கினால் போதும் என்றார். விசில்காரர் கையைத் தூக்கினார். நான் எழுந்தேன், என் வரிசையில் நான் மட்டும். தம்பி என்னைப் பார்க்கவே இல்லை, கையில் இருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தோற்றுவிட்டோம். நாங்கள் இரண்டு பேர் வந்தும் பத்து ஓட்டுக்கு மேல் குறைந்தது. வராமல் இருந்தாலும் அதே முடிவுதான், அதை நினைக்கும்போதெல்லாம் அந்த அம்மா வராந்தாவில் கேட்ட கேள்வி நெஞ்சில் வந்து நிற்கிறது. விசில்காரருக்கு வண்டியில் ஆடி வந்ததில் எலும்பு மறுபடியும் விலகி, இரண்டாவது ஆபரேஷன் நடந்திருக்கிறது. தினமும் போகிறேன், அவர் பேசுகிறார், அவர் மனைவி என் பக்கம் திரும்புவதில்லை. அன்று மாலையே தம்பி வீட்டுக்கு வந்தான். ஆளிடம் கொடுத்து அனுப்பியிருக்கலாம், தானே கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தான். அப்பா டீ கொடுத்தார். 'நான் கையெழுத்துப் போடலேன்னா வேற ஒருத்தன் போட்டிருப்பான்க்கா' என்றான். அதுதானே எல்லோரும் சொல்வது என்றேன். டீயைத் தொடாமல் எழுந்து போய்விட்டான். அவன் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை, ஆனால் அவன் படி இறங்கிப் போனபோது தோள் இரண்டும் தொங்கிப்போயிருந்தது, கூப்பிடலாமா என்று இருந்தது, கூப்பிடவில்லை. நீ அவனோடு பேசுவதை நிறுத்தாதே, இது அக்கா தம்பிக்குள் இருக்கட்டும். மன்றத்தில் லிஃப்ட் மோட்டாருக்குப் பின்னால் நீ பார்த்த என் அறையைக் காலி செய்துவிட்டேன், அந்த உறுமல் இல்லாமல் வீட்டில் எனக்குப் பகல் தூக்கம் வரவில்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். என்னைக் குழுவிலிருந்து எடுத்ததும், மிட்டாய் அத்தையைச் சிறையில் வைத்த அரசு, மூன்று பேருக்குக் கொடுத்த அனுமதி இரண்டு பேருக்குச் செல்லாது, மூன்றாவது ஆளைச் சொல்லுங்கள் என்று இழுக்கிறது. ஒன்றியத்தின் அலுவலகத்தில் எனக்குத் தெரிந்த பெண் சொன்னாள், நீ இருக்கும் நாட்டுக்கு அந்தக் குழுவில் ஒரு இடம் உண்டு, பல வருஷமாக யாரையும் அனுப்பாமல் காலியாகக் கிடக்கிறது என்று. நீ இப்போது அந்த நாட்டுக் குடிமகன், ஓட்டுப் போடுகிறாய், உனக்கும் ஒரு உறுப்பினர் இருக்கிறார். யார் என்று உனக்குத் தெரிந்திருக்காது, நான் தேடிப் பார்த்துவிட்டேன். வியாழக்கிழமை மதியம் உன் டிராம் டிப்போவுக்கு இரண்டு நிறுத்தம் தள்ளி நூலகத்து மாடியில் ஆட்களைப் பார்க்கிறாராம். ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு போ. கூச்சப்படாதே, காத்திருக்கச் சொன்னால் காத்திரு, அடுத்த வாரம் வா என்றால் அடுத்த வாரமும் போய் நில். எங்கள் அம்மாவின் இடத்துக்கு உங்கள் மன்றத்திலிருந்து ஒருவரை அனுப்புங்கள் என்று கேள். எனக்கு எதற்கு இந்த வம்பு என்று நீ நினைத்தால், நான் என்ன சொல்வது, என்னால் இனி அங்கே போக முடியாது, உன்னால் கேட்க முடியும்.

பிள்ளையும் குட்டியுமாக நீங்கள் மூவரும் குறைவில்லாமல் வாழ வேண்டும், குளிருக்குக் காதை மூடிக்கொள், மருமகளைப் பிள்ளையோடு தனியாக அல்லாட விடாதே, அப்பாவின் ஆசீர்வாதமும் இதில் சேர்த்தி. வியாழக்கிழமையை மறக்காதே. இன்னும் ஒன்று, யார் போனாலும் மிட்டாய் அத்தை சட்டென்று நம்ப மாட்டாள், அவள் எதிர்பார்த்துக்கொண்டிருப்பது என்னை, புது முகம் வந்து நின்றால் விசாரணைக்கு வந்தவர்கள் என்று வாயே திறக்க மாட்டாள். நம் வீட்டில் தங்கியிருந்தபோது நீ அழ அழ, உன் ஆடும் பல்லில் நூலைக் கட்டி இழுத்தவள் அவள், அது நம் நாலு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. போகிறவரிடம் சொல்லி அனுப்பு, உள்ளே போனதும் முதலில் அதைச் சொல்லட்டும், அந்தப் பல்லுக்காரப் பையன்தான் என்னை அனுப்பினான் என்று.

உன் அம்மா