புரான் கூப்பிட்ட குரல்

என்னவனுக்கு,

ஒகோத்ஸ்க் கடலில் பனிக்கட்டி உருகிவிட்டது. துறைமுக அலுவலகத்தில் திரும்பி வராத உன் படகைப் பற்றி இப்போதெல்லாம் நான் கேட்பதில்லை. என்னைக் கண்டதும் அவர்களே தலை குனிந்துகொள்கிறார்கள்.

கடல் பூங்காக்களுக்கு விற்கப் பிடித்துவைத்த வெள்ளைத் திமிங்கிலங்களை விடுவிக்க உத்தரவு வந்துவிட்டது. மற்றவை கடலுக்குப் போய்விட்டன; மிஞ்சியிருந்தது புரான் மட்டும். மீன் போடும்போது "ஏய், வாடா!" என்று கத்துவாயே, அதை உன் குரலிலேயே, சுவருக்கு அப்பாலிருந்து பேசுவதுபோல் சொல்ல அவன் பழகியிருந்தான். குளிர்காலம் முழுக்க அதைக் கேட்கத்தான் அவனுடைய வலைக் கூண்டருகே போனேன்.

உன் இடத்தில் இப்போது மீன் போடும் கெனா சொன்னான்:

"டாக்டரம்மா, இவனுக்கு நோய்னு எழுதிடுங்க. இன்னும் ஒரு வருஷம் இங்கயே கெடப்பான்."

"வாயை மூடுடா."

"நான் சொல்லலன்னா நீங்களே எழுதியிருப்பீங்க."

உண்மைதான். ஆனால் புரான் கூண்டுக்குள் நாள் முழுக்க ஒரே வட்டமாகச் சுற்றுவதை நீயும் பார்த்திருக்கிறாய். நலமாக இருக்கிறான், விடலாம் என்று கையெழுத்திட்டேன்.

இன்று வலையைத் திறந்தோம். அவன் போகவில்லை. அவன் கூப்பிட்டு யாராவது பதில் தந்தால் இங்கேயே தங்கிவிடுவான் என்பதால் முதுகைக் காட்டி நின்றோம்.

"ஏய், வாடா!"

நான் திரும்பவில்லை. வெகுநேரம் கழித்து மறுபடி கேட்டது. இந்த முறை அது திறந்த கடலிலிருந்து வந்தது.

உன்னவள்