உன் டப்பியில் என் சளி

அன்பு மாப்பிள்ளை ஏழுமலைக்கு,

நீ போய் இரண்டு கரும்பு வெட்டு முடிந்துவிட்டது. நான் அதே டிராக்டரைத்தான் ஓட்டுகிறேன். மூங்கில்துறைப்பட்டு ஆலை வாசலில் அதே வரிசையில் நின்று அதே ஆறிப்போன டீயைக் குடிக்கிறேன். உனக்குப் பேரன் பிறந்திருக்கிறான். உன் பேரைத்தான் வைத்திருக்கிறோம். புருஷன் பேரை வாயால் சொல்லமாட்டேன் என்று என் தங்கச்சி அஞ்சலை மட்டும் அவனை "தம்பி" என்கிறாள்.

சந்தோஷமான சேதி அவ்வளவுதான். மீதியை ஊருக்கே கேட்கும்படி சொல்லப்போகிறேன். நாம் இரண்டு பேரும் காதோடு காதாகப் பேசியது போதும்.

அந்தச் சளிப் பரிசோதனை முகாம் ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூடத்தில் பேர் ஒட்டிய டப்பி ஒன்றைக் கொடுத்து, விடிந்ததும் அடி நெஞ்சிலிருந்து காறித் துப்பி எடுத்துவரச் சொன்னார்கள். நீ ஒரு மாதமாக இருமிக்கொண்டிருந்தாய். உன் மகள் சத்யாவைப் பெண் பார்த்துவிட்டுப் போய் நாலு நாள்தான் ஆகியிருந்தது.

"டிபி வூடுன்னு பேராயிட்டா எவன் மச்சான் பொண்ணு எடுப்பான்?" என்றாய்.

நான்தான் பெரிய கெட்டிக்காரன் ஆயிற்றே. "இதுக்குப் போயி இன்னாத்துக்கு மூஞ்சிய தொங்க போட்டுக்கினு இருக்க? குடு இங்க" என்று டப்பியைப் பிடுங்கிக்கொண்டேன். மறுநாள் காலையில் உன் பேர் ஒட்டிய டப்பியில் என் சளியைத் துப்பிக் கொடுத்தேன். நீ கொண்டுபோய்க் கொடுத்தாய். நோய் இல்லை என்று உன் பேருக்குச் சீட்டு வந்தது. உளுந்தூர்பேட்டைக்குக் கல்யாண ஜவுளி எடுக்கப் போனபோது, பஸ்ஸில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சிரிக்கும்போதும் நீ இருமினாய்.

கல்யாணம் முடிந்தது. நீ வற்றிக்கொண்டே போனாய். ஆஸ்பத்திரிக்கு வா என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். கூப்பிட்டது இரண்டே தடவை. வெட்டு முடியட்டும் என்றாய், நானும் விட்டுவிட்டேன். ரத்தமாகத் துப்பிய அன்று ஆட்டோவில் ஏற்றினோம். கள்ளக்குறிச்சி போய்ச் சேர்வதற்குள் என் தோளிலேயே சாய்ந்துவிட்டாய்.

"கரும்புச் சோகை கொளுத்துற பொகை நெஞ்சுல ஏறிப்போச்சு" என்றது ஊர். நானும் தலையாட்டினேன். கொரோனா சமயத்தில் ஒருத்தனுக்குக் காய்ச்சல் என்றதும் தெருவுக்கே தகரம் அடித்த ஊர் இது. உன் வியாதியின் பேரை மட்டும் ஒருத்தரும் வாயில் எடுக்கவில்லை.

கல்வராயன் மலை அடிவாரத்தில் கட்டிக்கொடுத்தோமே, அந்த சத்யா போன மாதம் கைக்குழந்தையோடு வந்துவிட்டாள். ஓயாத இருமல். அம்மா வூட்டுல இருந்து உடம்பைத் தேத்திக்கினு வா என்று மாமியார் அனுப்பிவிட்டாராம். விஷயம் தெரிந்து நர்ஸம்மா அதே மாதிரி ஒரு டப்பியோடு வந்தார். சத்யா அதைத் தொடவில்லை. ரேஷன் கார்டு இருக்கிற பிளாஸ்டிக் பையிலிருந்து உன் சீட்டை எடுத்து நீட்டினாள்.

"எங்கப்பாவுக்கே இல்லன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? எனக்கு மட்டும் எங்கேருந்து வரும்?"

மாப்பிள்ளை, நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? எனக்கு எழுந்து ஓடிவிடத்தான் தோன்றியது. குழந்தை அவள் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தான். அவள் இருமும்போதெல்லாம் திடுக்கிட்டு, மறுபடி குடித்தான்.

"அந்தச் சீட்டு என்னுது பாப்பா. டப்பியில துப்புனது நானு" என்றேன்.

"இன்னாண்ணா சொல்ற?" என்றாள் அஞ்சலை. இன்னொரு தடவை சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அவள் நர்ஸம்மா பக்கம் திரும்பி, "அப்பவே கண்டுபுடிச்சிருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டாள்.

"மாத்திரதாம்மா. ஆறு மாசம் வுடாம போட்டிருந்தா போதும்."

அதற்குப் பிறகு அஞ்சலை என்னோடு பேசவில்லை. சத்யா டப்பியை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு நோய் இருக்கிறது. மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள், குழந்தைக்கும் தடுப்பு மருந்து கொடுக்கிறார்கள். எனக்கும் சோதனை செய்தார்கள். இந்தத் தடவை என் டப்பியில் என் சளி. நோய் இல்லையாம். மறுபடியும் இல்லையாம். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு நான் எங்கே போய் அழுவேன்?

தினமும் காலையில் உன் வாசலில் போய் நிற்கிறேன். உள்ளே வா என்று யாரும் சொல்வதில்லை. "போட்டாச்சா பாப்பா?" என்று கேட்பேன். சத்யா சன்னல் வழியாகப் பிரித்த மாத்திரை அட்டையைக் காட்டுவாள். வந்துவிடுவேன். ரொம்ப அலுத்துவிட்டது மாப்பிள்ளை. ஆனாலும் விடிந்தால் கால் அங்கேதான் போகிறது.

நேற்று அஞ்சலை வெளியே வந்தாள்.

"தெனம் இங்க வந்து நின்னுக்கினு இருக்காத. போறவங்க வர்றவங்கல்லாம் கேக்குறாங்க."

"கேட்டா சொல்லு."

"இன்னான்னு சொல்றது?"

"டிபின்னு சொல்லு. மாப்ளைக்கும் அதான்னு சொல்லு. அப்பவே ஏன் பாக்கலன்னு கேட்டா, என்னைக் கைகாட்டு."

 அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாத்தட்டும். ஆறு மாதமும் நிற்பேன் மாப்பிள்ளை. உன் மகள் கடைசி மாத்திரையைப் போடுகிற அன்றைக்கும் அங்கேதான் நிற்பேன். இனி எவன் என்னிடம் டப்பியை நீட்டினாலும், கையைப் பிடித்து அவனையே அதில் துப்ப வைப்பேன்.

உன் வாசலில் நிற்கும்
உன் மச்சான்