கிப்லா பக்கத்துச் சுவர்

ஹாலிஎல வீதி,
பதுளை.
04.06.2012

அன்பின் முஹ்ஸினாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மெல்பேர்னில் குளிர் தொடங்கிவிட்டதாகச் செய்தியில் சொன்னார்கள். உங்கள் முழங்கால் வலி கூடாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். மகள் அஸ்னாவுக்கும் மருமகன் முன்ஸிபுக்கும் என் ஸலாம். பேத்தி ஸனாவுக்கு என் முத்தம்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுகிறோமே, பிறகு ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். பேசும்போது மருமகன் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். எல்லோரும் கேட்கட்டும் என்ற அன்பில்தான் போடுகிறார். ஆனால் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கும்போது என்னால் மழையைப் பற்றியும் மரக்கறி விலையைப் பற்றியும்தான் பேச முடிகிறது. ஆகவே இதை நீங்கள் மட்டும், ஸனா தூங்கும் நேரம் பார்த்து வாசியுங்கள்.

முதலில் டீவி விஷயம். எப்படி வாங்கினேன் என்று மகள் இரண்டு தடவை கேட்டாள், நான் இரண்டு தடவையும் "நல்லம் மகள், நல்ல டீவி" என்று முடித்துக்கொண்டேன். முழுவதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் மாதம் அஸ்னா பேசியது உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் பக்கத்தில்தான் இருந்தீர்கள், ஸனா அழும் சத்தம் கேட்டது. "வாப்பா, நான் வேலைக்குத் திரும்பப் போகணும். ஸனா நேர்சரி போற வரைக்கும், இன்னும் ரெண்டு வருஷம், உம்மா எங்களோட இரிக்கட்டும். ஜூன் கடைசியில விசாவ நீட்டக் குடுக்கணும். நீங்க தனியா இரிக்கிறதுக்குப் பெரிய டீவி ஒண்டு எடுங்க, அம்பது இஞ்சி, காசு நான் அனுப்புறன்" என்று ஒரே மூச்சில் சொன்னாள். நானும் எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து, "நல்லம் மகள்" என்றேன். நீங்கள் ஒன்றும் பேசவில்லை. நானும் உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை.

காசு அடுத்த வாரமே வந்துவிட்டது. நான்தான் வாங்கவில்லை. பஸாரில் ஸஹாப்தீனின் கடைக்குப் போவேன், ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று பார்ப்பேன், விலைச்சீட்டைப் பார்ப்பேன், திரும்பி வருவேன். ஒரு நாள் அவன் கடை நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு, "மச்சான், நீ டீவி எடுக்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா? மூணு ஜும்ஆ முடிஞ்சி போச்சி, இன்னும் சுத்திச் சுத்திப் பாக்கிறாய்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என் வழக்கம் உங்களுக்குத் தெரியும், ஒரு செருப்பு வாங்கவும் ஒரு வாரம் எடுப்பவன் என்றுதான் ஸஹாப்தீனும் நினைத்தான். காரணம் அதுவல்ல. டீவியை வாங்கி வைத்துவிட்டால் மகள் சொன்ன மற்றதும் முடிவாகிவிடும் என்று எனக்குள் ஒரு பயம் இருந்தது. வாங்காத வரைக்கும் பேச்சு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதை எழுதும்போது சிறுபிள்ளைத்தனமாகத்தான் தெரிகிறது.

கடைசியில் பிளாஸ்மா என்று தீர்மானித்தேன். ஸஹாப்தீன் எல்.ஈ.டி. எடுக்கச் சொன்னான். "பிளாஸ்மா கரண்ட் குடிக்கும் மச்சான், பாரம், சூடு வேற. இப்ப யாரும் இத எடுக்கிறல்ல" என்றான். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது பிளாஸ்மாவில்தான் கறுப்பு கறுப்பாகவே இருந்தது. மற்றதில் சாம்பல் பூசினாற்போல ஒரு வெளுப்பு. நில அளவைக் கந்தோரில் வரைபடம் கீறிப் பென்ஷன் வாங்கியவனுக்குக் கறுப்பு கறுப்பாக இருக்க வேண்டும். சரியான தெரிவா என்று இன்றைக்கும் சந்தேகம்தான். முதல் மாத லைட் பில்லைப் பார்த்த பிறகு சந்தேகம் கூடியிருக்கிறது.

அந்தப் பெட்டியைப் படுக்க வைத்துக் கொண்டுபோகக் கூடாது, கண்ணாடி விண்டுவிடும் என்று டீவியோடு தந்த புத்தகத்தில் போட்டிருந்தது. கடை லொறியில் நானும் ஏறி, வீடு வரும்வரைக்கும் இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டு விஜயலெட்சுமியின் மகன் சதீஸ்குமார் மற்றப் பக்கம் பிடித்திருந்தான். தாயைப் போல அவனும் நம்மை நானா, அக்கா என்றுதான் கூப்பிடுவான், அவன் வாய் உங்களுக்குத் தெரியுமே. "நானா, இத பிடிச்சிருக்கிற மாதிரி அக்காவ பிடிச்சிருந்தீங்கன்னா அவுங்க ஆஸ்திரேலியா போயிருக்க மாட்டாங்க" என்றான். பகிடிக்குத்தான் சொன்னான். வளைவு வந்தது, நான் பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது, நான் செய்த பிழைக்கு வருகிறேன்.

டீவி வருவதற்கு முன்பே ஹோலை அளந்து படம் கீறியிருந்தேன். பழைய பத்திரிகைத் தாளை ஐம்பது அங்குலத்துக்கு வெட்டி ஒவ்வொரு சுவரிலும் ஒட்டிப் பார்த்தேன். வீதிப் பக்கம் ஜன்னல். உள்பக்கம் அலுமாரி. சமையலறைப் பக்கம் கதவு. மிச்சமிருந்தது ஒரு சுவர்தான். அதில் ஆணி இல்லை, கலண்டர் இல்லை, ஒரு கறை கூட இல்லை. இதற்கென்றே விட்டுவைத்தது போல இருந்தது. வெயிலும் அதில் படாது. எவ்வளவு வசதி என்று எனக்குச் சந்தோஷம் கூட வந்தது. அந்தச் சுவரை இத்தனை வருடமாக யார் அப்படி வெறுமையாக வைத்திருந்தார், ஏன் வைத்திருந்தார் என்று எனக்குத் தோன்றவே இல்லை, முஹ்ஸினா. தொழுகிற கண்ணுக்கு முன்னால் எதுவும் இருக்கக் கூடாது என்று நீங்கள் என் கந்தோர்க் கலண்டரையே கழற்றியது பிறகுதான் ஞாபகம் வந்தது. நான் ஐந்து நேரமும் பள்ளிவாசலுக்குப் போகிறவன். ஹோலில் கிப்லாவைப் பார்த்து நின்றது நீங்கள்தான். நீங்கள் இல்லாத வீட்டில் கிப்லா எந்தப் பக்கம் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

இதில் வெட்கம் என்னவென்றால், இந்த வீட்டுக்கு வந்த புதிதில் மக்கா எந்தப் பக்கம் என்று திசைகாட்டி வைத்துக் கிப்லாவைக் கணக்குப் பார்த்து, உங்கள் தொழுகைப் பாய்க்குச் சிவப்புச் சீமெந்தில் கோடு கீறித் தந்தவனே நான். அந்தக் கோட்டின் மேல்தான் டீவி மேசையை வைத்தேன்.

மே மாதம் முழுவதும் அது அங்கேதான் இருந்தது. படம் எப்படி என்று கேட்பீர்கள். வெளிநாட்டுச் சனல்களில் மிருகங்களும் கிரிக்கெட்டும் அற்புதமாகத் தெரிகின்றன, யானையின் இமை மயிரை எண்ணலாம். நம் நாட்டுச் செய்தியைப் போட்டால் முகமெல்லாம் தண்ணீரில் நனைந்த படம் மாதிரி. இருந்தாலும் நான் அதைத்தான் பார்க்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை மௌலவி ஒருவர் திரையில் ஸலாம் சொல்ல, நான் சத்தமாகப் பதில் ஸலாம் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது, காலையிலிருந்து இந்த வீட்டில் யாரும் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று.

விஜயலெட்சுமி வீட்டுப் பூனை இப்போது உள்ளே வருகிறது. நீங்கள் இருக்கும்போது வாசலைத் தாண்டாது. டீவியின் பின்பக்கம் ரொட்டி சுட்ட கல் மாதிரிச் சூடாக இருப்பதால் அங்கே போய்ப் படுத்துக்கொள்கிறது. துரத்த மனம் வரவில்லை.

பிழையைக் கண்டுபிடித்தது நானல்ல, விஜயலெட்சுமி. உங்கள் சுகத்தைக் கேட்க வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "என்னங்க நானா, அக்கா தொழுவுற எடத்துலயா இத கொண்டாந்து வச்சிருக்கீங்க?" என்றார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் குரலை இறக்கி, "அப்ப அக்கா இனிமே வர்றதில்லையா?" என்று கேட்டார்.

நான் தேநீர் போடுகிறேன் என்று உள்ளே போனேன். நிறைய நேரம் போய்விட்டது போலிருக்கிறது. சீனி போட்டுக் கலக்கி அவர் கையில் கொடுத்த பிறகு பார்த்தால் அது வெறும் வெந்நீர், தேயிலையே போடவில்லை. அந்த மனுஷி முழுவதையும் குடித்துவிட்டு, "வர்றேங்க" என்று போனார்.

அந்த வாரமே பள்ளிவாசல் படியில் ஸஹாப்தீன் என் தோளில் கை போட்டு, "முஹ்ஸினா அங்கேயே இருந்துடுறாவாமே, நீயாவது சொல்லியிருக்கலாமே மச்சான்" என்றான். விஜயலெட்சுமி சொன்னாரா, சதீஸ்குமார் சொன்னானா தெரியாது. யாரையும் குறை சொல்ல முடியாது. வீட்டைப் பார்த்தால் அப்படித்தான் தெரிந்தது.

சதீஸ்குமாரைக் கூப்பிட்டு டீவியை இடம் மாற்றிவிட்டேன். இப்போது ஜன்னலில் பாதியை மறைத்துக்கொண்டு நிற்கிறது. பின்னேரத்தில் வெளிச்சம் விழுந்து படமே தெரியாது, வீதியில் போகிறவர்கள்தான் தெரிவார்கள். பரவாயில்லை. சுவர் பழையபடி வெறுமையாகிவிட்டது. தரையைத் துடைத்தேன்.

இங்கே நிறுத்திவிட்டுப் பள்ளிக்குப் போய்த் தொழுதுவிட்டு வந்தேன். வாசித்துப் பார்த்தால் நீளமாகிவிட்டது, சொல்ல வேண்டியது இன்னும் வரவில்லை.

போன வாரம் மகள் அனுப்பிய படங்களைச் சதீஸ்குமார் டீவியில் போட்டுத் தந்தான். போனில் பார்க்கும்போது நீங்கள் என் கட்டைவிரல் அளவு. இதில் ஆள் அளவுக்கு வந்து நின்றீர்கள். அசையாத படத்தை நேரம் கூட விடக் கூடாது, கண்ணாடியில் தழும்பு விழுந்துவிடும் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஆகையால் கொஞ்சம் பார்ப்பதும் அணைப்பதுமாக இருந்தேன்.

மேசையில் பகல் சாப்பாடு இருக்கும் படம். ஸனா உங்கள் இடுப்பில். நீங்கள் சிரிக்கிறீர்கள். ஆனால் பாரம் முழுவதையும் வலது காலில் போட்டுக்கொண்டு, இடது காலைத் தரையில் ஊன்றாமல் நிற்கிறீர்கள். வலி இவ்வளவு கூடியிருப்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை. உங்களுக்குப் பின்னால் சுவர்க் கடிகாரம் ஒரு மணி காட்டுகிறது. உங்கள் கையில், நான் பென்ஷன் எடுத்தபோது வாங்கித் தந்த கைக்கடிகாரம். அது எட்டரை காட்டுகிறது. கணக்குப் பார்த்தேன். அங்கே பகல் ஒரு மணி என்றால் பதுளையில் காலை எட்டரை.

பெட்டரி தீர்ந்து நின்றுபோயிருக்கவும் கூடும். மற்றப் படங்களில் உங்கள் கை முக்காட்டுக்குள் மறைந்திருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்க முடியவில்லை. பெட்டரிதான் என்றால் இந்தப் பந்தியை விட்டுவிடுங்கள். இல்லையென்றால், நான் காலையில் தேநீர் குடிக்கும் நேரம், சந்தைக்குப் போகும் நேரம், பள்ளிக்குப் போகும் நேரம் எல்லாம் உங்கள் கையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் இந்தக் கடிதம் எழுதத் துணிவு வந்தது.

மகள் மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வேலைக்குப் போகிறவள், பிள்ளையை அந்நியர் கையில் விட யாருக்குத்தான் மனம் வரும். மகளின் பிரசவத்துக்கு, நாற்பது நாளைக்கு என்று போன நீங்கள் ஒரு வருடம் இருந்து பார்த்துக் கொடுத்தீர்கள், அது உங்கள் கடமைக்கும் மேலே. என்னையும் அங்கே வரும்படி முன்ஸிப் சொல்கிறார், தங்கமான பிள்ளை. நான் வந்தால் உங்களுக்குப் பார்த்துக்கொள்ள இன்னொரு குழந்தைதான் கிடைக்கும்.

அஸ்னா கேட்டபோது நான் உங்களைத்தான் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன். அங்கே இருப்பதுதான் உங்கள் விருப்பம் என்றால் அதை உங்கள் கையால் ஒரு வரி எழுதுங்கள், நான் தாங்கிக்கொள்வேன். என் விருப்பத்தைக் கேட்டால், விசாவை நீட்டக் கொடுக்க வேண்டாம். ஜூலை நடுவில் இருக்கிற விசா முடியும்போது நோன்பும் வந்துவிடும். முதல் நோன்பை இந்த வீட்டில் திறப்போம். வாருங்கள், முஹ்ஸினா. இந்த ஒரு சொல்லை எழுத எனக்கு இத்தனை தாள் தேவைப்பட்டிருக்கிறது.

ஒன்று சொல்லி வைக்கிறேன். இந்த ஞாயிறும் மகள் பேசுவாள். ஸ்பீக்கரில் எல்லோரும் இருப்பீர்கள். "வாப்பா, உம்மா இரிக்கட்டும்தானே?" என்று அவள் கேட்டால் நான் மறுபடியும் "நல்லம் மகள்" என்றுதான் சொல்வேன். என் வாயில் வேறு வராது, என்னை எனக்குத் தெரியும். அடுத்த ஞாயிறும் அப்படித்தான் சொல்வேன். அதை நீங்கள் நம்ப வேண்டாம். இந்தக் கடிதத்தில் இருப்பதுதான் என் பதில்.

விமானத்தில் நடைபாதை ஓர ஆசனம் கேட்டு வாங்குங்கள், காலை நீட்டலாம். அல்லாஹ் உங்கள் முழங்காலுக்கு ஷிஃபாவையும், உங்கள் பிரயாணத்துக்கு ஸலாமத்தையும் தருவானாக. ஆமீன்.

உங்கள்,
றவூப்