மியோகுரு

அன்புள்ள சின்னவளுக்கு,

ஜப்பான் வேலையை ‘மியோகுரு’ செய்துவிட்டதாக எழுதியிருந்தாய். எனக்குப் புரியக் கூடாதென்றுதான் அவர்கள் மொழியில் போட்டாயோ?

அகராதியைப் புரட்டினேன். புறப்படுகிறவர் கண்ணிலிருந்து மறையும்வரை நின்று வழியனுப்புவது என்றிருந்தது. அதற்குக் கீழே, வந்த வாய்ப்பை வேண்டாமென்று விட்டுவிடுவது. நீ சொன்னது இரண்டாவது. என் இதய அறுவை சிகிச்சைக்காக.

எழுதி எழுதிக் கிழிக்கிறேன். உன் அம்மா, “அகராதியைக் கட்டிக்கிட்டு அழுங்க! பொண்ணுகிட்ட ‘போடி’ன்னு சொல்ல வாய் வரலையா?” என்கிறாள்.

வரவில்லைதான். நீ பக்கத்தில் இருந்தால் பயம் குறையுமென்று தோன்றுகிறது. அப்படி நினைப்பது சரியா என்றும் தெரியவில்லை.

ஆனாலும் போ. இன்றே சம்மதம் எழுதிவிடு. வழியனுப்ப, பயந்துகொண்டாவது, வந்து நிற்கிறேன். ஆஸ்பத்திரியில் என்னைத் திட்ட உன் அம்மா இருக்கிறாள்.

அப்பா