‘செட்டில்’ என்ற ஒரு சொல்லைத் திருத்தித் தருமாறு

அனுப்புநர்:
உரிமையாளர்,
பளிச் சலவையகம்,
தண்ணீர்த்தொட்டித் தெரு
(மேம்பாலத்திற்குக் கீழே, வண்ணமீன் கடைக்கு எதிர்ப்புறம்).

பெறுநர்:
உயர்திரு குறைதீர் அலுவலர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப் பிரிவு,
வங்கித் தலைமை அலுவலகம்.

பொருள்: முழுமையாக அடைக்கப்பட்ட சலவை இயந்திரக் கடன், கடன் அறிக்கையில் ‘செட்டில்டு’ எனப் பதியப்பட்டிருத்தல் – திருத்தம் கோருதல் – அச்சொல் அவ்விடத்தை எவ்வாறு சென்றடைந்தது என அறிய விழைதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் கிளை வழங்கிய நிலுவையின்மைச் சான்று. 2. கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கை. 3. கிளை மேலாளர் அம்மையாருடன் நேரில் பேசியது.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இம்மனு சினத்தால் எழுதப்படுவதன்று. தொடக்கத்தில் சினம் இருந்தது, மறைப்பதற்கில்லை. ஆனால் விசாரிக்க விசாரிக்க அது வடிந்து, இப்போது எஞ்சியிருப்பது பெரும்பாலும் வியப்பே. ஆகவே தாங்கள் இதனைப் புகாராகவும் கொள்ளலாம், ஒரு வாடிக்கையாளரின் ஐயங்களாகவும் கொள்ளலாம். இரண்டிற்கும் விடை வேண்டுகிறேன்.

1. நானும் என் ஓரகத்தியும் சேர்ந்து மேற்கண்ட சலவையகத்தை நடத்தி வருகிறோம். கடைப் பெயரால் என்னைத் தெருவினர் ‘பளிச்சக்கா’ என்றே அழைப்பர். இரண்டு விடுதிகளின் துணிகளும் ஒரு மருத்துவமனையின் படுக்கை விரிப்புகளும் எங்களிடம் வருகின்றன. எங்கள் வருவாயில் பெரும்பங்கு அந்த விரிப்புகளே. மழைக்காலத்தில் அவை உலர்வதில்லை. சென்ற மழையில் ஈரம் காயாத விரிப்புகளைத் திருப்பி அனுப்பிய தலைமைச் செவிலியர், இம்மழைக்குள் உலர்த்தும் இயந்திரம் வாங்காவிடில் விரிப்புகள் வேறு சலவையகத்திற்குப் போகும் என்று தெளிவுபடக் கூறிவிட்டார். இம்மாத இறுதி வரை காத்திருக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் கூறியதில் தவறில்லை. ஈர விரிப்பில் நோயாளியைக் கிடத்த இயலாது.

2. நான் பள்ளியில் பயின்றது ஐந்தாம் வகுப்பு வரை. எஞ்சியதை, வெளுத்த துணிகளைச் சுற்றிக் கொடுக்கும் பழைய நாளிதழ்களிடம் கற்றேன். குறிப்பாக ‘இதனால் அனைவருக்கும் அறிவிப்பது யாதெனில்’ என்று தொடங்கும் பொது அறிவிப்புகளை நான் விரும்பிப் படிப்பேன். பின்னர் ஒரு பெரிய அகராதியை வாங்கினேன், தவணையில் அன்று, முழு விலை கொடுத்து. இதனை இங்கே குறிப்பிடுவது பெருமைக்காக மட்டுமன்று. சொற்களை அளந்து பயன்படுத்தும் பழக்கமுடைய ஒருத்திக்கே இப்படி நேர்ந்தது என்பதைத் தாங்கள் கருத்தில் கொள்ள வேண்டும் என்பதற்காகவும்தான்.

3. தங்கள் வங்கியின் கடனில் வாங்கிய சலவை இயந்திரத்திற்குரிய கடைசித் தவணைகள் அனைத்தையும், கெடுவுக்கு முன்னரே ஒன்றாகத் திரட்டிக் கிளைக்குக் கொண்டு சென்றேன். முகப்பில் இருந்த இளைஞர் கணினியைப் பார்த்தவாறே, “என்னக்கா, லோன செட்டில் பண்றீங்களா?” என்று வினவினார். இயல்பாக நான் அச்சொல்லைப் புழங்குபவள் அல்லள். எனினும் குளிரூட்டப்பட்ட அறை, கண்ணாடித் தடுப்பு, கையில் முழுப் பணம் – இவற்றின் நடுவே அவர் சொல்லிலேயே விடையளிப்பது மரியாதை எனத் தோன்றியது. “ஆமா தம்பி, இன்னையோட செட்டில்!” என்றேன். அவர் எழுந்து நின்று, “சூப்பர்க்கா, ஒரு தவணைகூடத் தவறல நீங்க” என்று பாராட்டி, நிலுவையின்மைச் சான்றினை அச்சிட்டுத் தந்தார். அச்சான்றில் முழுத்தொகையும் பெறப்பட்டது என்றே உள்ளது (இணைப்பு 1).

4. உலர்த்தும் இயந்திரத்திற்காகத் தங்கள் வங்கியிலேயே புதிய கடனுக்கு விண்ணப்பித்தேன். கடன் பிரிவு அலுவலர் என் கடன் அறிக்கையைத் திறந்து பார்த்தார். பின்பு, கெட்ட செய்தி சொல்லும் மருத்துவரைப் போலக் குரலைத் தாழ்த்தி, “செட்டில்டுன்னு வந்திருக்கும்மா” என்றார். பாராட்டுகிறார் எனக் கருதி “ரொம்ப நன்றிங்க” என்றேன். அவர் அறிக்கையை என் பக்கம் திருப்பி வைத்தார். பிறகுதான் விளக்கினார்: கடனை முழுமையாகக் கட்டியவர் கணக்கில் ‘க்ளோஸ்டு’ என்று வருமாம். கட்ட வழியின்றிக் கைவிரித்து, வங்கியும் வந்தவரை போதும் என்று பேசி முடித்து, மீதியைத் தள்ளுபடி செய்தால்தான் ‘செட்டில்டு’ என்று வருமாம். அச்சொல் இருக்கும் வரை எனக்கு எந்த வங்கியும் கடன் தராதாம்.

5. அன்று நான் கடைக்குத் திரும்பி, என் ஓரகத்தியிடம் நடந்ததைக் கூறினேன். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, “அக்கா, ஊர்ல அவனவன் செட்டில் ஆக முடியாம தவிக்கிறான். நீங்க செட்டில் ஆயிட்டேன்னு அழறீங்க” என்றாள். அவள் கேலியாகச் சொன்னதே என் வியப்பின் தொடக்கம். எண்ணிப் பார்த்தேன். பையனுக்கு வேலை கிடைத்தால் செட்டில். பெண்ணுக்குத் திருமணம் முடிந்தால் செட்டில். சொத்துத் தகராறு ஓய்ந்தால் செட்டில். கலங்கிய வயிறு அமைதியுற்றாலும் செட்டில். ஊரார் அனைவரும் தம் பிள்ளைகள் அடைய வேண்டும் என்று ஏங்கும் ஒரு நிலை, தங்கள் கணினிக்குள் நுழைந்ததும் எவ்வாறு அவப்பெயராக மாறுகிறது? ஆங்கில–தமிழ் அகராதி ஒன்றைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். குடியேறுதல், அமர்தல், வழக்கைத் தீர்த்தல், வண்டல் அடியில் படிதல் என்றெல்லாம் பொருள் தந்திருந்தனர். கட்ட வழியின்றிக் கைவிரித்தல் என்ற பொருள் அதில் காணப்படவில்லை.

6. அடுத்து, கிளை மேலாளர் அம்மையாரைச் சந்தித்தேன். அவர் இருக்கை தந்து, தண்ணீர் தந்து, பொறுமையாகக் கேட்டார் என்பதை நன்றியுடன் பதிவு செய்கிறேன். “நீங்களே செட்டில்னுதானேம்மா சொல்லியிருக்கீங்க” என்றார். சொன்னேன் என ஒப்புக்கொண்டேன். பிறகு அவர், தள்ளுபடியான மீதித் தொகையை நான் இப்போது செலுத்தினால் ‘க்ளோஸ்டு’ என மாற்ற வழி உண்டு என்றார். எவ்வளவு என்று வினவினேன். கணினியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் பார்த்தார். “ஜீரோன்னு காட்டுதும்மா” என்றார்.

7. ஐயா, இவ்விடத்தில் தங்கள் கனிவான கவனத்தை வேண்டுகிறேன். வங்கி எனக்கு மனமிரங்கித் தள்ளுபடி செய்த தொகை பூச்சியம். அதனை உடனே செலுத்தச் சித்தமாக இருப்பதாக அம்மையாரிடம் தெரிவித்தேன். அவர் உண்மையிலேயே முயன்று பார்த்தார். “சிஸ்டம் ஜீரோவ வாங்க மாட்டேங்குதும்மா” என்றார். அப்படியாயின் பூச்சியத்தைத் தள்ளுபடி செய்ய மட்டும் அது எவ்வாறு இசைந்தது என்று கேட்டேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. ஆயினும் சிரிப்பினால் பதிவு மாறவில்லை. ‘மேலிடத்துக்கு எழுதுங்க’ என்று தங்கள் முகவரியைத் தந்தவர் அவரே.

8. அம்மையாரின் அறையை விட்டு வெளியே வந்ததும் நேரே வீடு திரும்ப மனம் வரவில்லை. கிளையின் கூடத்தில் அமர்ந்து, வரிசையில் நின்றோரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: கடனைப் பைசா பாக்கியின்றிக் கட்டிவிட்டால் அதை எப்படிச் சொல்வீர்கள்? ஏறத்தாழ எல்லோரும் “செட்டில் பண்ணிட்டேன்னு சொல்வோம்” என்றனர். நான் ஏதோ சீட்டு நிறுவனத்திற்கு ஆள் சேர்க்கிறேன் எனக் கருதி எழுப்பிவிட வந்த காவலாளியும் அதையே கூறினார். ஒரே ஒரு அம்மையார் மட்டும், “அடைச்சிட்டேன்னுதான் சொல்லுவேன். வேற எப்படிச் சொல்றது?” என்றார்.

அவ்விடையைக் கேட்டு எழுந்து நின்றுவிட்டேன். கதவை அடைக்கிறோம், கடையை அடைக்கிறோம், கடனையும் அடைக்கிறோம். தங்கள் ‘க்ளோஸ்டு’ என்ற சொல்லுக்கு நிகரான சொல் நம் வாயிலேயே நெடுங்காலமாக இருந்து வருகிறது. அன்று முகப்பில் அந்த இளைஞர் “கடனை அடைக்கிறீங்களா?” என்று கேட்டிருந்தால், நான் “இன்னையோட அடைச்சிட்டேன்” என்றிருப்பேன், அவரும் உரிய சொல்லைத் தேர்ந்திருப்பார். அவர் மீது எனக்கு வருத்தம் சிறிதும் இல்லை. கேட்ட சொல்லையே திரையிலும் கண்டார், அழுத்தினார். அவருக்குத் தண்டனை ஏதும் வழங்கப்படலாகாது என்பதும் இம்மனுவின் ஒரு பகுதி.

9. எதிர்க்கடை வண்ணமீன் வணிகரிடம் இதனை வேடிக்கையாகக் கூறியபோது அவர் முகம் மாறியது. அவரும் அதே முகப்பில் கடனை முன்கூட்டியே கட்டி முடித்தவர். அதன்பின் இரண்டு இடங்களில் அவருக்குக் கடன் மறுக்கப்பட்டது. காரணம் அவருக்கு விளங்கவில்லை. “மச்சான் கண்ணு வெச்சுட்டான்னு நெனச்சு அவன்கூடப் பேச்சையே நிறுத்திட்டேன் பளிச்சக்கா” என்றார். அவர் அறிக்கையை வரவழைத்துப் பார்த்தோம். அதே சொல். தள்ளுபடி: பூச்சியம். அவர் மைத்துனர் குற்றமற்றவர் என்பது இவ்விதம் தெரியவந்தது. சமாதானம் பேச என்னைத்தான் அனுப்பினார். சென்றேன், அது தனிக் கதை. தங்கள் கவனத்திற்குரியது என்னவெனில், இப்பிழை எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. நேர்மையாகக் கட்டி முடித்து, மகிழ்ச்சியில் வாய் திறந்து அச்சொல்லைக் கூறிய இன்னும் எத்தனை பேர், யார் யார் மீதோ பழி போட்டுக்கொண்டு இருக்கிறார்களோ, அறியேன்.

10. ஆகவே பணிவுடன் வேண்டுவன:

அ) என் கணக்கில் உள்ள ‘செட்டில்டு’ என்ற பதிவை நீக்கி ‘க்ளோஸ்டு’ எனத் திருத்தி, கடன் தகவல் நிறுவனத்திற்கும் இம்மாத இறுதிக்குள் தெரிவித்து, அதன் நகலை எனக்கு அளிக்க வேண்டும்.

ஆ) தள்ளுபடி பூச்சியம் எனக் காட்டும் ‘செட்டில்டு’ கணக்குகள் அனைத்தையும் தாங்களே தேடி எடுத்துச் சரிபார்க்க வேண்டும். ஒவ்வொருவரும் தனித்தனியே வந்து அழவேண்டிய நிலை கூடாது. வண்ணமீன் வணிகரின் ஒப்புதல் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது (இணைப்பு 3).

இ) கடன் முடிக்க வருவோரிடம் முகப்பில் கேட்கப்படும் கேள்வியைத் தமிழில் கேட்க ஆணையிட வேண்டும்.

ஈ) இது கோரிக்கையன்று, ஆவல். அத்திரையில் இரண்டு சொற்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்துள்ளனவா? அமைத்தவர் யார்? இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை முகப்பில் அமர்வோருக்கு யாரேனும் சொன்னதுண்டா? வாய்ப்பிருப்பின் ஒரு முறை அத்திரையை நேரில் காண அனுமதி வேண்டுகிறேன். எதையும் தொடமாட்டேன்.

11. நிறைவாக ஒன்று. மாத இறுதிக்குள் திருத்தம் வராவிடில், இயந்திரக் கடனைத் தன் பெயரில் எடுப்பதாக என் ஓரகத்தி முடிவு செய்துவிட்டாள். அவள் இதுநாள் வரை யாரிடமும் ஒரு கைமாற்றுகூட வாங்கியதில்லை. கடன் என்ற சொல்லைக் கேட்டாலே அன்றிரவு உறங்காதவள். வேண்டாம் என எவ்வளவோ தடுத்தேன். “உங்க பேர்ல கறைன்னா என் பேர் எதுக்குக்கா இருக்கு? விரிப்பெல்லாம் போயிட்டா ரெண்டு பேரும் எதைத் தேய்ச்சுக்கிட்டு உக்காந்திருப்போம்?” என்கிறாள். என் பெயர் உரிய காலத்தில் துலங்கிவிட்டால், அவள் பெயரைத் தொட வேண்டியதில்லை. என் உண்மையான வேண்டுகோள் இதுவே. மேலே வரிசைப்படுத்திய அனைத்திலும் இதனையே முதலாவதாகக் கருதுமாறு வேண்டுகிறேன்.

ஒருவேளை அது இயலாது போய், அவள் கையொப்பமிட நேர்ந்தால், தவணைகளை நாங்கள் தவறாது செலுத்துவோம். கடைசித் தவணையன்று அவள் தனியாகவே அந்த முகப்பில் நிற்க விரும்புவாள். அவள் குணம் அது. “அடைச்சிட்டேன்” என்று மட்டும் சொல், வேறொரு சொல்லும் பேசாதே என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். அச்சொல்லுக்குத் தங்கள் கணினியில் வேறு பொருள் ஏதேனும் உண்டா என்பதை, அவள் கையொப்பமிடும் முன்பாக, எழுத்துமூலம் தெரிவித்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நாள்: 14, வியாழக்கிழமை
இடம்: சலவையகம், முன்மேசை

தங்கள் விடையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
பளிச் சலவையக உரிமையாளர்

இணைப்புகள்:
1. நிலுவையின்மைச் சான்று – நகல்
2. கடன் அறிக்கை – நகல் (உரிய சொல் பென்சிலால் வட்டமிடப்பட்டுள்ளது, அழித்துவிடலாம்)
3. வண்ணமீன் வணிகரின் ஒப்புதல் கடிதம், அவர் மைத்துனரின் சாட்சிக் கையொப்பத்துடன்