ஒன்பதாம் அடிக்குறிப்பு

1971 ஜூன் 3, வியாழன்

என் கல்வெட்டுக் கட்டுரை திரும்பி வந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லவில்லையாம், "வடிவம் சரியில்லை"யாம். சென்னை ஆய்விதழின் ஆசிரியர் கைலாசம் இரண்டு பக்கத்துக்கு விதிகள் அனுப்பியிருக்கிறார். சொல்லும் ஒவ்வொன்றுக்கும் அடிக்குறிப்பு வேண்டும். எழுதியவர் பெயர், தலைப்பு, நூல், ஊர், ஆண்டு, பக்கம். இந்த வரிசை பிசகக் கூடாது. ஒரே நூலை அடுத்தடுத்துக் காட்டினால் பெயரைத் திரும்ப எழுத வேண்டாம், 'மேலது' என்று போட்டால் போதும். அதற்கு மேலே உள்ள குறிப்பையே அது குறிக்குமாம்.

கல்லுக்கு எழுதியவர் யார்? கல்லுக்குப் பக்கம் எது?

முப்பது வருடம் பட்டுக்குச் சாயம் போட்ட கை இது. கல்லெழுத்தை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. முட்டி மோதித்தான் கற்றேன். எவனாவது ஓர் ஆய்வாளன் தன் அடிக்குறிப்பில் என் பெயரைப் போட்டால் போதும் என்றிருக்கிறேன். பெரிய எழுத்து வேண்டாம். அந்தப் பொடி எழுத்தில் வந்தால் போதும்.

"அவங்க சொன்னாப்ல எழுதிக் குட்த்துட்டுப் போங்களேன். யாரோடதான் மல்லுக்கு நிக்காம இருப்பீங்க?" என்றாள் ரேணுகாம்பாள். கட்டிக்கொண்டவள் பேசுகிற பேச்சா இது?

ஜூன் 9

எட்டுக் குறிப்புகள் முடிந்தன. கல்லின் முதல் பன்னிரண்டு வரிகளை நானே மண்டி போட்டுப் படியெடுத்தேன். எட்டாம் குறிப்பு: "கட்டுரையாளரின் நேர்ப்படி, 1954."

கடைசி ஏழு வரிகள்தான் தொண்டையில் நிற்கின்றன. ஏரிக்கரையை அடைத்த நெசவாளருக்குத் தறி வரி நீங்கியது என்ற செய்தி அங்கேதான் இருக்கிறது. அது இல்லையென்றால் என் கட்டுரையே இல்லை. திரும்பப் போய்ப் பார்க்கலாம் என்றால் கல் கிடையாது. திருமுக்கூடல் ஆற்றோரம் கிடந்த அதை ரோடு போட்டவர்கள் உடைத்து மதகுக்கு அடியில் போட்டுவிட்டார்கள். அந்த ஏழு வரிகள் மண்ணுக்குள் இருந்தவை. தோண்டிப் படித்தது தணிகாசலம். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல்.

இந்தப் பெயரை நான் எழுதிப் பல வருடம் ஆகிறது.

ஜூன் 13, ஞாயிறு

1956 கும்பாபிஷேக மலரில் பத்தொன்பது வரிகளையும் தன் பெயரில் போட்டுக்கொண்டான். ஞாயிறு தவறாமல் ஒரே சைக்கிளில் போனவர்கள் நாங்கள். என் பன்னிரண்டு வரிக்கு என் பெயர் எங்கே என்று கேட்டேன். "மலர்ல அதுக்கெல்லாம் ஏதுபா எடம்" என்றான். அன்றோடு பேச்சு முடிந்தது. என்னிடம் இருந்த மலரை வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

வரிகள் என் நோட்டில் இருக்கின்றன, பக்க எண்தான் வேண்டும். கோயில் ஆபீசுக்குப் போனேன். குமாஸ்தா நமச்சிவாயம் பீரோவிலிருந்து மலரை எடுத்துத் தூசி தட்டினான்.

"இன்னாபா, இத்தினி வருசம் கழிச்சி அவனத் தேடிக்கினு வந்துகிற?"

"அவன யாரு தேடறா? பக்க நம்பர் வோணும்."

"அவனுக்கு ரெண்டு கண்ணும் பூட்சிபா. பொண்ணு கலாவதிதான் பேப்பர்கூடப் படிச்சிக் காட்டுது. உனுக்குத் தெரியாதா?"

தெரியாது. பக்கம் 41. குறித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 20

ஒன்பதாம் குறிப்பை எழுதினேன். தணிகாசலம், தலைப்பு, மலர், காஞ்சிபுரம், 1956, ப. 41. கஷாயத்தை ஒரே மடக்கில் குடிப்பதுபோல எழுதி முடித்தேன். அதற்குக் கீழே ஐந்து இடங்களில் 'மேலது'. கைலாசத்தின் விதிகளில் எனக்குப் பிடித்தது இது ஒன்றுதான். அந்தப் பெயரை ஒரு தடவை எழுதினால் போதும்.

தபாலில் சேர்த்தேன்.

ஆகஸ்ட் 30

பதில் இல்லை.

அக்டோபர் 21

கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். புரூஃப் வந்திருக்கிறது. மூன்று நாளில் திருத்தித் திருப்ப வேண்டும்.

காலையில் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் டீக்கடைக்குப் போனேன். யாரிடமாவது காட்டவேண்டும் என்றிருந்தது, ஒப்புக்கொள்கிறேன். பட்டுநூல் தரகன் பழனி எட்டிப் பார்த்தான்.

"அந்தக் கல்லு சமாச்சாரமா? நம்ம தணிகாசலம் படிச்சாரே, அதானே? நீகூடப் போவியாமே, சைக்கிள் மிதிக்க."

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

சைக்கிள் மிதிக்கவா? நானா? பன்னிரண்டு வரி, வெயில்ல முட்டி தேஞ்சி படிச்சவன் நானு — வீட்டுக்கு வந்து சிவப்பு மையில் ஒன்பதாம் குறிப்பை அடித்தேன். கட்டுரைக்குள் இருந்த எண்ணையும் அடித்தேன். இரண்டாம் தடவை படிக்கவில்லை. தபால் கட்டுவதற்குள் கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன்.

இப்போதுதான் மூச்சு விடுகிறேன்.

1972 ஜனவரி 17, திங்கள்

இதழ் வந்துவிட்டது. கட்டுரையின் தனிப்படிகளும் ஒரு கட்டு. என் பெயரைத் தடவிப் பார்த்தேன். நமச்சிவாயத்துக்கு ஒன்று கொடுத்தேன், மற்றதை எனக்குத் தெரிந்த புலவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். நான்கைத்தான் வைத்துக்கொண்டேன். சாயங்காலம் நிதானமாக உட்கார்ந்து அடிக்குறிப்புகளைப் படித்தேன்.

8. கட்டுரையாளரின் நேர்ப்படி, 1954.
9. மேலது.
10. மேலது.

அச்சுக்கூடத்தார் எண்களை அழகாகச் சரிசெய்திருக்கிறார்கள். நான் அடித்த குறிப்பு போய்விட்டது. அதற்குக் கீழே இருந்த 'மேலது' ஐந்தும் ஒரு படி ஏறி என் பெயரில் வந்து நிற்கின்றன. கடைசி ஏழு வரிகளையும் நான் படித்ததாக ஆகிவிட்டது.

நல்லதுதானே என்று ஒரு கணம் தோன்றியது. இது என் நோட்டு, இதில் பொய் எதற்கு?

அந்த ஏழு வரிகளைத் தோண்டிப் படித்தவன் அவன்.

ஜனவரி 18

திருத்தம் போடச் சொல்லிக் கைலாசத்துக்கு எழுதினேன்.

பிப்ரவரி 6, ஞாயிறு

கலாவதி வந்தாள். நமச்சிவாயம் தன் பிரதியை அவளிடம் கொடுத்திருக்கிறான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அப்பாவுக்குப் படிச்சிக் காட்னேன் மாமா. முடிச்சதும், அடியில பொடி எழுத்துல இருக்குமே, அதயும் படிம்மான்னாரு. படிச்சேன். மேலதுன்னா யாரும்மான்னு கேட்டாரு. மேல பாத்து உங்க பேரச் சொன்னேன். இன்னொரு வாட்டி படிக்கச் சொன்னாரு."

"அப்புறம்?"

"சிரிச்சாரு. கணக்கு நேராயிடுச்சின்னாரு. அன்னிக்கு ராத்திரி சாப்புடல."

போன பிறகு ரேணுகாம்பாள், "ஒரு நடை போய்ட்டு வந்துருங்க" என்றாள். போகமாட்டேன். வெறுங்கையோடு போய் என்ன சொல்வது? திருத்தம் அச்சில் வரட்டும். எடுத்துக்கொண்டு போகிறேன். இத்தனை வருடத்தில் அவன் ஒரு நாள் வந்தானா?

மார்ச் 2

கைலாசம் பதில். குறிப்பை அடித்தது கட்டுரையாளரின் கையே என்பது புரூஃபில் தெளிவாக உள்ளது. பிழைத்திருத்தம் அச்சுப்பிழைகளுக்கு மட்டுமே. வருந்துகிறோம்.

மார்ச் 19, ஞாயிறு

மிச்சம் இருக்கும் நான்கு பிரதிகளிலும் மையால் திருத்தினேன். 'மேலது' என்று இருந்ததையெல்லாம் அடித்துவிட்டுத் தணிகாசலம் என்று முழுப் பெயரையும், மலர், ஊர், ஆண்டு, பக்கம் எல்லாவற்றையும் எழுதினேன். ஒவ்வொரு இடத்திலும் எழுதினேன். இதழின் விதிப்படி இது தவறு. இருக்கட்டும்.

வருகிற ஞாயிறு திருமுக்கூடல், அவன் வீடு.

மார்ச் 24

தணிகாசலம் போய்விட்டான்.

மார்ச் 25

ஐயம்பேட்டை வழியாகப் பஸ்ஸில் போனேன். எல்லாம் முடிந்திருந்தது. திருத்திய பிரதி ஒன்றைக் கலாவதியிடம் நீட்டினேன். புரட்டிப் பார்த்தாள்.

"இத யாருக்கு மாமா படிச்சிக் காட்றது?"

அலமாரியில் மருந்து பாட்டில்களுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

முதல் பன்னிரண்டு வரிகள் என்னுடையவை. அதை இன்றும் விடமாட்டேன். வரும் வழியில் பஸ் அந்த மதகின்மேல் ஏறி இறங்கியது.

நவம்பர் 14, செவ்வாய்

ஆய்விதழ் தபாலில் வந்தது. யாரோ சென்னை ஆய்வாளர் ஏரிக்கரைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தக் கடைசி ஏழு வரிகளை முழுதாக எடுத்துக் காட்டி, "அரிய வாசிப்பு" என்கிறார். கீழே மூன்றாம் குறிப்பில் என் பெயர்: பொ. குமாரவேல், தலைப்பு, இதழ், ஊர், ஆண்டு, பக்கம். வரிசை பிசகவில்லை.

4. மேலது.
5. மேலது.

ரேணுகாம்பாள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "இன்னாங்க, உங்க பேரு வந்திருக்குதா?"

"வந்திருக்குது."

"எங்க, காட்டுங்க."

விரலை வைத்துக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"எவ்ளோ பொடி எழுத்து" என்றாள்.