சின்னவள் உன் வீட்டில் இருந்த இரண்டு மாதம்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், அதனால் எழுதிவிட்டேன். அப்பாவுக்கு முழங்கால், எனக்குக் கடைவாய்ப் பல், மற்றபடி கோர்ட் படி ஏறி இறங்குகிற அளவுக்குத் தெம்பாகவே இருக்கிறோம். போனில் பேசினால் பாதி நேரம் நீ அழுகிறாய், மீதி நேரம் நான் திட்டுகிறேன், விஷயம் நகர மாட்டேன் என்கிறது. அரசு வக்கீல் அம்மாவும், "நடந்ததை முதல்லேருந்து எழுதி அனுப்புங்க, பொண்ணு சாட்சிக் கூண்டுல நின்னு தடுமாறக் கூடாது" என்றார். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், சலித்துக்கொள்ளாமல் படி.

சின்னவள் அன்று, தான் வேலை பார்த்த மூக்குக் கண்ணாடிக் கடையிலிருந்து வீடு திரும்பவில்லை. விடிந்ததும் நானும் அப்பாவும் போலீசுக்குக் கிளம்பினோம், உன் சித்தப்பா வாசலை மறித்துக்கொண்டு, "வயசுப் பொண்ணு விஷயம் அண்ணி, வெளியில தெரிஞ்சா பேர் கெட்டுப்போகும், ரெண்டு நாள் பொறுங்க" என்றார். அவரைத் தள்ளிவிட்டுத்தான் போனோம். நாங்கள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரத்தில் அவர் மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு வீட்டுக்கார அம்மாவிடம், சின்னவள் அக்கா ஊருக்கு ரயிலேறிவிட்டாள் என்று சொல்லிவிட்டார். நல்ல எண்ணத்தில்தான். உன் சித்தப்பா இந்தக் குடும்பத்துக்குச் செய்தது எல்லாமே நல்ல எண்ணத்தில்தான், அதனால்தான் நமக்கு எதிரி என்று தனியாக ஒருவர் தேவைப்பட்டதில்லை. இன்ஸ்பெக்டர் தெருவில் விசாரிக்க ஆள் அனுப்பினார், ஆள் திரும்பி வந்ததும் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "தெருவே சொல்லுதேம்மா, அக்கா வீட்டுக்குப் போயிருக்கான்னு. வீட்டுல ஏதும் சண்டையா?" பெரியவளுக்குப் போன் போட்டுக் கேளுங்கள் ஐயா என்றேன். அக்கா தங்கச்சியைக் காட்டிக் கொடுப்பாளா என்று கேட்டார், அவ்வளவு குடும்பப் பாசம் தெரிந்தவர்.

அன்று சாயங்காலமே கடை முதலாளி பிஸ்கட் பாக்கெட்டோடு நம் வீட்டுக்கு வந்தார். 'வந்தார்' என்றே எழுதுகிறேன், கோர்ட்டிலும் அவரை அப்படித்தான் சொல்கிறார்கள், நானும் மரியாதை பழகிக்கொண்டேன். ஏன் வேலைக்கு வரவில்லை என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா அவருக்கும் அதே கதையைச் சொல்லிவிட்டார். அந்த மனுஷன் சித்தப்பாவை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "அப்படியா, சொல்லிட்டுப் போயிருக்கலாம், பரவாயில்ல, அக்கான்னா ஆசை இருக்கத்தானே செய்யும்" என்றார். அவளைத் தான் என்ன செய்துவிட்டு வந்தார் என்று தெரிந்துகொண்டே நம் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார். சர்க்கரை போதுமா என்று நான் வேறு கேட்டேன். என் கையால் போட்ட டீ.

அப்புறம் கதைக்குக் கால் முளைத்துவிட்டது. கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் முதலாளியே, "அக்கா ஊருல இருக்கா" என்று சொல்ல ஆரம்பித்தார். தையல்காரர், அங்கே குளிர் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லையாமே என்று என்னிடம் விசாரித்தார். வீட்டுக்கார அம்மா, அவள் அங்கே ஒரு பெரிய கடையில் சேர்ந்துவிட்டாள், முடியைக்கூட நீளமாக வளர்க்கிறாள் என்றார். யார் சொன்னது என்று கேட்டால் எல்லோரும் சொல்கிறார்கள் என்றார். நான் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டு, அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் நின்று கேட்டேன். அன்றைக்குத்தான் உனக்குப் போன் செய்து, நிஜமாகவே அவள் அங்கே இல்லையா, என்னிடம் மட்டும் சொல் என்று கேட்டேன். நீ கோபத்தில் போனை வைத்துவிட்டாய். சித்தப்பாவின் பொய்யில் அவள் அவ்வளவு நன்றாக இருந்தாள்.

மூன்று மாதம் கழித்து, ரோட்டை அகலப்படுத்த முதலாளியின் பழைய லென்ஸ் பட்டறையை நகராட்சி இடித்தபோது, பின்னால் மூடிக் கிடந்த தண்ணீர்த் தொட்டியில் அவளைக் கண்டெடுத்தார்கள். அதை நீ வந்து பார்த்தாய், மறுபடி எழுத மாட்டேன். கூட வேலை செய்த பெண், சாமான் கணக்கெடுக்க வேண்டும் என்று முதலாளி சின்னவளை மட்டும் இருக்கச் சொல்லி மற்றவர்களை அனுப்பிவிட்டார் என்று கோர்ட்டில் சொன்னாள். சின்னப் பெண், ஆனால் குரல் நடுங்கவில்லை. முதலாளியின் வக்கீல்தான் கெட்டிக்காரர். கணக்கெடுத்து முடித்ததும் அவள் கிளம்பிவிட்டாளாம், இரண்டு மாதம் உன்னோடு இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோதுதான் யாரோ எதுவோ செய்துவிட்டார்களாம், அந்த வாரம் முதலாளி வெளியூரில் சரக்கு எடுத்துக்கொண்டிருந்தாராம். இறந்த நாளைத் திட்டமாகச் சொல்ல முடியாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். உன்னோடு இருந்தாள் என்பதற்குத் தெருவே சாட்சி. பாவம், யாரும் பொய் சொல்லவில்லை, காதில் விழுந்ததைச் சத்தியம் செய்துவிட்டுச் சொல்கிறார்கள். சித்தப்பாவிடம், நீங்கள் வந்து அது நான் கட்டிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். "நாலு பேர் முன்னாடி நான் பொய் சொன்னேன்னு எப்படி அண்ணி சொல்றது, என் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருக்கில்ல" என்கிறார். இருக்கிறது, இல்லாமலா ஒரு தெருவே நம்பிற்று. முதலாளி ஜாமீனில் வந்து கடையைத் திறந்துவிட்டார், பெயர்ப் பலகைக்குப் புது பெயின்ட். கூட்டம் குறையவில்லை.

நீ வருவதில் மாப்பிள்ளைக்கு யோசனை என்று சொன்னாய், உன் பேர் பேப்பரில் அடிபடுமாம். அவரிடம் என் விசாரிப்பைச் சொல். பேரைக் காப்பாற்றும் வேலையை இந்தக் குடும்பத்தில் ஒருவர் ஏற்கெனவே நன்றாகச் செய்து முடித்துவிட்டார், இன்னொருவர் சிரமப்பட வேண்டாம் என்று சொல். உன் வீட்டுக்கு வந்தாளா இல்லையா என்பதை அந்த வீட்டுக்காரியான நீதான் சொல்ல முடியும், நான் சொன்னால் பெற்றவள் அப்படித்தான் சொல்வாள் என்கிறார்கள். முதலாளி பார்வை சரியில்லை, வேறு கடை பார்க்கிறேன் என்று அவள் உன்னிடம்தான் சொன்னாள், என்னிடம் சொல்லவில்லை. அதையும் நீதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் நினைத்துப் பார். உன் வீட்டுக்கு வர அவள் எத்தனை தரம் பெட்டி கட்டினாள். குழந்தை பிறந்ததற்கு லீவு கேட்டாள், பிறந்த நாளுக்குக் கேட்டாள், கடையில் ஆள் இல்லை என்று ஒவ்வொரு தரமும் மறுத்தது அந்த மனுஷன்தான். உன் வீட்டுக் கதவு என்ன நிறம் என்றுகூட அவளுக்குத் தெரியாது. ஒரு நாள் லீவு தராதவர் இப்போது கோர்ட்டில் எழுந்து நின்று, இரண்டு மாதம் லீவு கொடுத்து அவளை உன் வீட்டுக்கு அனுப்பி வைத்திருக்கிறார்.

ரயிலில் கீழ்ப் படுக்கையாகப் பார்த்து வாங்கு, குழந்தைக்குச் சளி இருந்தால் விட்டுவிட்டு வா. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், பார்வை இன்னும் மங்கிவிட்டது, ஆனால் சின்னவள் அளவெடுத்துப் போட்டுக் கொடுத்த கண்ணாடியை நான் மாற்றுவதாக இல்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அதைப் போட்டுக்கொண்டுதான் முதலாளிக்கு நேர் எதிரே உட்காருகிறேன், அவர் வேறு பக்கம் பார்க்கிறார். தெருவில் இறங்கும்போது, தங்கச்சி உன்கிட்ட நல்லா இருந்தாளா என்று யாராவது கேட்பார்கள். பதில் சொல்லாதே, கோர்ட்டுக்கு வைத்துக்கொள். அங்கே அவள் உன் வீட்டுக்கு வந்தாளா என்று கேட்கும்போது, அழாமல் நிமிர்ந்து நின்று, வரவில்லை, ஒரு நாள்கூட வரவில்லை என்று சொல். சொல்லி முடித்தபிறகு அழு, நான் முன் பெஞ்சில்தான் இருப்பேன்.

நீயும் உன் வீடும் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். பெட்டியில் கனமான போர்வை ஒன்று வை, ரயிலில் குளிரும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா